மூத்தோர் பெயர்: சுமோ மல்லர்களின் ஓய்வு மரபு

உடலையே முதலாகக் கொண்டு பிழைப்பவனுக்கு முதுமை முப்பதுகளிலேயே வந்துவிடுகிறது. அதன் பிறகும் நாற்பது ஆண்டு வாழ்க்கை எஞ்சி நிற்கிறது. அந்த நாற்பது ஆண்டுகளில் அவன் எதைச் செய்து பிழைப்பான் என்பது ஒரு கேள்வி என்றால், அவன் யாராக வாழ்வான் என்பது அதனினும் கடினமான கேள்வி. பெரும்பாலான விளையாட்டுகள் இவ்விரண்டையும் வீரனின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஜப்பானின் சுமோ மற்போரோ பல தலைமுறைகளாக இவற்றுக்கு நிறுவன வடிவில் ஒரு விடையை வைத்திருக்கிறது. களத்தை விட்டு இறங்கும் மல்லனின் குடுமியை ஊரறியக் களைந்து, அவன் போரிட்ட பெயரை விலக்கி, அவனுக்கு முன் பலர் தாங்கிய ஒரு பழம்பெயரை அவனுக்குச் சூட்டி, அடுத்த தலைமுறைக்கு ஆசானாக அமர்த்துவதே அந்த விடை. இந்த ஏற்பாடு எவ்வளவு அழகானதோ அவ்வளவு குறுகலானதும்கூட என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

சுமோ தொழிலாக உருப்பெற்றது 1603 முதல் 1868 வரை நீண்ட எதோ காலத்தில்தான். கோயிலையோ பாலத்தையோ பழுதுபார்க்க நன்கொடை திரட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கி நடத்திய மற்போர் ‘கன்ஜின் சுமோ’ எனப்பட்டது. காலப்போக்கில் நன்கொடை பெயரளவில் நிற்க, வருவாயே நோக்கமாயிற்று. கூட்டமும் பந்தயமும் கைகலப்பும் சேர்ந்து வந்ததால், இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரத்தில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆட்சியாளர்கள் அதற்குத் தடை விதித்தனர். 1684இல் இகாசுச்சி கொந்தாயூ என்பவர் விதிமுறைகளை எழுதி உறுதியளித்து, தொமியோகா ஹாச்சிமான் ஆலயத்தில் போட்டி நடத்த அனுமதி பெற்றார். அனுமதிக்காக விண்ணப்பிக்கவும், கலகம் நேர்ந்தால் அதிகாரியின் முன் நின்று பதில் சொல்லவும், வருவாயைப் பங்கிடவும் பெயர் சொல்லத்தக்க பொறுப்பாளர்கள் தேவைப்பட்டனர். அப்பொறுப்பு இயல்பாகவே களம் கண்டு ஓய்ந்த மல்லர்களிடம் சென்றது. ‘தோஷியோரி’, அதாவது மூத்தோர், எனப்பட்ட இவர்கள் இறந்தாலோ விலகினாலோ பொறுப்பு மாணவனுக்கு மாறியது. பொறுப்போடு பெயரும் மாறியது. ஆக, இம்மரபின் தோற்றுவாயில் ஓய்வுபெற்றவனின் நலன் பற்றிய கரிசனம் பெரிதாக இருந்ததாகச் சொல்ல இயலாது. உரிமம் அறுபடாமல் தொடர வேண்டும் என்ற வணிகத் தேவையே அதை வளர்த்தது. இகாசுச்சி என்பது இன்றும் வழக்கிலுள்ள மூத்தோர் பெயர்களுள் ஒன்று.

பெருமல்லர்கள் அக்காலத்தில் மூத்தோரை மட்டுமே நம்பியிருக்கவில்லை. ‘தைம்யோ’ எனப்பட்ட நிலப்பிரபுக்கள் தங்கள் குலப்பெருமைக்காக மல்லர்களுக்கு மானியம் கொடுத்து வைத்துக்கொண்டனர். 254 வெற்றிகளுக்கு 10 தோல்விகளே கண்டவராகக் கணக்கிடப்படும் ராய்தென் தாமேயெமோன், 1811இல் களத்திலிருந்து விலகியதும், தம்மை ஆதரித்த மாட்சுயே பிரபுவின் ஆட்சிப் பகுதியில் மல்லர்களுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். 1871இல் மெய்ஜி அரசு அப்பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்தபோது இந்த ஆதரவு ஒரே ஆண்டில் அற்றுப்போயிற்று. அதே ஆண்டில் குடுமியைக் களைந்து மேலைநாட்டு முறையில் முடி வெட்டிக்கொள்ள மக்களை ஊக்குவிக்கும் ஆணையும் வந்தது. நாடே கிராப்புக்கு மாற, மல்லர்கள் மட்டும் குடுமியோடு தொடர விடப்பட்டனர். அதற்கு முன் ஊரில் பலருக்கும் இருந்த ஒரு சிகையலங்காரம் அன்றுமுதல் மல்லனுக்கே உரிய அடையாளமாயிற்று. அதைக் களைவது தொழிலைத் துறப்பதற்கு ஒப்பானதும் அதனால்தான். பழமை போற்றுபவர்கள் தொன்மையானதாகக் கருதும் குடுமி களையும் சடங்கின் முழு அழுத்தமும் இவ்வாறு நவீனத்துவத்தின் விளைவு என்பது சற்று விசித்திரமானதே.

பிரபுக்கள் மறைந்தபின் மல்லர் உலகின் அதிகாரம் முழுவதும் மூத்தோர் கைக்கு வந்தது. அதனோடு மனக்கசப்பும் வந்தது. வருவாய்ப் பங்கீடு நேர்மையாக இல்லை என்று கிளர்ந்தெழுந்த தகாசாகோ உராகொரோ 1873இல் வெளியேற்றப்பட்டுத் தனிக்குழு நடத்தி, 1878இல் திரும்பிவந்து அதே மூத்தோர் அமைப்பின் வலிமை மிக்கவர்களுள் ஒருவரானார். 1884இல் பேரரசர் மெய்ஜி முன்னிலையில் நடந்த போட்டி சுமோவுக்கு மதிப்பை மீட்டுத் தந்தது. 1927இல் தோக்கியோ, ஒசாகா சுமோ சங்கங்கள் இணைந்தபோது தோக்கியோவின் 88 பெயர்களோடு ஒசாகாவின் 17 பெயர்கள் சேர்ந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றும் மூத்தோர் பெயர்களின் எண்ணிக்கை 105 தான்.

இப்பெயர் தரும் உரிமைகள் சிறியவை அல்ல. மூத்தோரானவர் ‘ஓயகதா’ என்று மதிப்போடு விளிக்கப்படுகிறார். சங்கத்தின் ஊதியத்தை 65 வயதுவரை பெறுகிறார். மல்லர்கள் உண்டு உறங்கிப் பயிலும் ‘ஹெயா’ எனப்படும் பயிற்சி மனையை நடத்தும் தகுதி இவருக்கே உண்டு. கறுப்பு உடையணிந்து களத்தைச் சுற்றி அமரும் நடுவர்களும், சங்கத் தேர்தலில் வாக்களிப்பவர்களும், அரங்கின் வாயிலில் பாதுகாப்புப் பணியில் நிற்பவர்களும் இவர்களே. நேற்றுவரை ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லி ஆரவாரித்த ஒருவர், இன்று சங்கத்தின் மேற்சட்டையோடு நடைவழியில் நின்று பார்வையாளர்களுக்கு வழிகாட்டுவதைச் சிறுமையாக யாரும் கருதுவதில்லை. புதிதாக மூத்தோரானவர் கீழ்ப்படியிலிருந்தே தொடங்குகிறார். செய்தித்தாள்கள் அவர் பெயரை அச்சிடும்போது புதிய பெயரை முதலில் போட்டு, பழைய போட்டிப் பெயரை அடைப்புக்குறிக்குள் தருகின்றன. பெற்றோர் இட்ட பெயர், ‘ஷிகோனா’ எனப்படும் போட்டிப் பெயர், மூத்தோர் பெயர் என மூன்றையும் ஒரே வாழ்நாளில் தாங்கும் அந்த மனிதர், ஓய்வு வயது கடந்ததும் மூன்றாவதையும் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்து முதலாவதற்கே திரும்ப வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சுமோ தரும் புதிய அடையாளம் உடைமையன்று, இரவல்.

பழைய அடையாளத்தைக் களையும் சடங்கு ‘தம்பாட்சு ஷிகி’ எனப்படுகிறது. புகழ்பெற்ற மல்லருக்கு இது தோக்கியோவின் ரியோகோகு பகுதியிலுள்ள கொகுகிகான் அரங்கில், அவர் ஓய்வை அறிவித்துச் சில மாதங்களுக்குப் பின், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல் கழிந்தபின் நடைபெறுகிறது. அதுவரை அவர் போரிடாதபோதிலும் குடுமியோடுதான் நடமாடுவார். சடங்கன்று, குலச்சின்னம் பொறித்த சம்பிரதாய உடையில், ‘தோஹ்யோ’ எனப்படும் களிமண் மேடையின் நடுவில் போட்ட நாற்காலியில் அவர் அமர்ந்திருப்பார். உயர்நிலை மல்லருக்கே உரிய, கிங்கோ இலை வடிவில் விரித்துக் கட்டிய குடுமியை, ‘தொக்கோயாமா’ எனப்படும் மல்லர் சிகைக்கலைஞர் மணமுள்ள எண்ணெய்ப் பசையிட்டு அன்று கடைசி முறையாக அமைத்திருப்பார். ஆதரவாளர்கள், சக மல்லர்கள், பகைத்து மோதியவர்கள், உறவினர் என நூற்றுக்கணக்கானோர் ஒருவர்பின் ஒருவராக ஏறிவந்து பொன்முலாம் பூசிய கத்தரியால் ஓரிரு இழைகளை மட்டும் வெட்டுவர். பெண்கள் அம்மேடையில் ஏறக்கூடாது என்பது சங்கத்தின் பிடிவாதமான விதி. அதனால் தாயின் கையால் ஓர் இழை வெட்டிக்கொள்வதற்காக மேடையை விட்டுக் கீழிறங்கும் மல்லர்களும் உண்டு. கடைசி வெட்டு அவரை வளர்த்த பயிற்சி மனைத் தலைவருடையது. அதன்பின் அவர் ஒப்பனை அறைக்குச் சென்று கிராப்பு வெட்டி, கோட்டு சூட்டு அணிந்து, கண்ணாடியில் அறிமுகமில்லாத ஒருவரைக் காண்கிறார். இவ்விழாவின் நுழைவுக் கட்டண வருவாயில் செலவு போக எஞ்சுவது ஓய்வுபெறுபவருக்கே சேர்வதால், கண்ணீரும் கைம்முதலும் ஒரே நாளில் திரளுகின்றன.

களத்தில் ஒருவனைத் தோற்கடித்தவனும் அவன் முடியை வெட்ட வரிசையில் நிற்கிறான் என்பதே இச்சடங்கின் உட்பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி. மல்லன் என்ற அடையாளத்தை அவன் தானாக இழக்கவில்லை, அதைத் தந்த சமூகமே கூடிவந்து பெற்றுக்கொள்கிறது. இதன் மதிப்பு, தன் கையால் குடுமியை அறுத்துக்கொண்டவர்களின் கதையோடு ஒப்பிடும்போதே முழுமையாக விளங்கும்.

அத்தகைய முதல் பெருநிகழ்வு 1932 ஜனவரியில் நடந்தது. தெவானோஊமி பயிற்சி மனையைச் சேர்ந்த 32 மல்லர்கள், தென்ரியூ சபுரோவின் தலைமையில், ஷுன்ஜூவென் என்ற சீன உணவகத்தில் கூடிப் பத்துக் கோரிக்கைகளை வெளியிட்டனர். கணக்கு வழக்குகளைத் தெளிவுபடுத்த வேண்டும் என்பதோடு, மூத்தோர் முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், ஓய்வுபெறும் மல்லர்களுக்கு முறையான பணப்பயன் வழங்க வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். சிலருக்குப் பெயரும் எஞ்சியவர்களுக்கு வெறுங்கையும் தரும் ஏற்பாட்டின் அடிப்படையையே அவர்கள் கேள்வி கேட்டனர். பேச்சுவார்த்தை முறிந்ததும் குடுமிகளை வெட்டி எறிந்துவிட்டுத் தனிச்சங்கம் கண்டனர். அவர்களுள் பலர் அடுத்த ஆண்டு திரும்பிவந்து, முடி வளரும்வரை கிராப்புத் தலையோடு சங்கத்தின் களத்தில் மோதினர். தென்ரியூ திரும்பவில்லை, ஒசாகாவில் அவர் நடத்திய சங்கம் 1937இல் கலைந்தது. போருக்குப் பிந்தைய காலத்தில் அவர் தோக்கியோவின் கின்சாவில் தம் பெயரிலேயே ஒரு சீன உணவகத்தை நடத்தினார் என்பதை, கலகம் பிறந்த இடத்தை நினைத்துப் பார்த்தால், வரலாறு தனக்குத்தானே சிரித்துக்கொண்ட தருணமாகவே கொள்ளலாம்.

அக்கலகத்தால் மேற்பிரிவில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப அவசரமாக உயர்த்தப்பட்ட இளைஞர்களுள் ஒருவர் ஃபுதாபயாமா. ‘யோகோசுனா’ என்னும் உச்சநிலையை எட்டிய இவர் 1936 முதல் 1939 வரை தொடர்ந்து 69 போட்டிகளில் வென்றார். இதை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. நாடு போரில் இறங்கிய ஆண்டுகளில், தோல்வியறியாத அந்த உடல் ஒரு விளையாட்டு வீரனுடையதாக மட்டும் பார்க்கப்படவில்லை என்பதை விளக்கத் தேவையில்லை. 1945இல் நாடு தோற்றது. அதே ஆண்டில் ஃபுதாபயாமாவும் ஓய்வுபெற்றார். தோகிட்சுகாசே என்ற மூத்தோர் பெயர் அவருக்குக் கிடைத்தது, பயிற்சி மனை இருந்தது, மாணவர்கள் இருந்தனர். மரபு வழங்கக்கூடிய அனைத்தும் அவரிடம் இருந்தன. ஆயினும் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் அவர், உலகமே தலைகீழாக மாறப்போவதாக முழங்கிய ஜியூ என்ற சிறு மதக்குழுவின் பெண் தலைவரைப் பின்பற்றிச் சென்றார். 1947 ஜனவரியில் கனாசாவா நகரில் அக்குழுவின் இருப்பிடத்துக்குள் போலீசார் நுழைந்தபோது, முன்னாள் யோகோசுனா தம் தலைவரைக் காக்க அவர்களோடு மல்லுக்கட்டினார். பழக்கமான செய்தியாளர் ஒருவரின் வற்புறுத்தலால் பின்னர் அவர் குழுவை விட்டு விலகினார்.

இந்நிகழ்ச்சியைச் சுமோ நூல்கள் பொதுவாக ஒரு மாமனிதரின் சறுக்கலாகக் கூறி விரைந்து கடந்துவிடுகின்றன. ஆனால் ஓய்வின் வரலாற்றில் இதைவிட முக்கியமான சான்று வேறில்லை. பெயரும் பதவியும் பிழைப்பும் இருந்தும், எதற்காக உயிர்வாழ்வது என்ற வினா அவரை விடவில்லை. நிறுவனம் அதற்குப் பதில் தராதபோது முதலில் பதில் தந்த குரலின்பின் அவர் சென்றார். அதைவிடவும் கவனிக்கத்தக்கது, சங்கம் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டதும், சங்கத்தின் நடைமுறைகள் நாடாளுமன்றத்தில் கேள்விக்குள்ளான 1957இல் அவரையே தலைவராக்கியதும் ஆகும். 1968இல் இறக்கும்வரை அவர் அப்பதவியில் இருந்தார். மல்லர்களுக்கு மாத ஊதியம், புதியவர்களுக்கு உடற்கூறும் சுமோ வரலாறும் எழுத்துக்கலையும் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளி, மூத்தோருக்கு 65 என்ற ஓய்வு வயது ஆகியவை அவர் காலத்தில் வந்தவை. 69 வெற்றிகளைவிட இவையே இன்றைய மல்லனின் அன்றாட வாழ்வைத் தொடுகின்றன. அவர் தம் இரண்டாம் வாழ்க்கையைக் கண்டடைந்தது மூத்தோர் பெயரைப் பெற்றபோது அன்று. அப்பெயரால் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தபோதுதான்.

இதுவரை சொன்னது சிறுபான்மையினரின் கதை. சுமோவில் அறுநூறு எழுநூறு மல்லர்கள் ஆறு பிரிவுகளில் போரிடுகின்றனர். ‘செகிதோரி’ எனப்படும் மேல் இரு பிரிவினர் 70 பேருக்கு மட்டுமே ஊதியம். மூத்தோராவதற்குப் பொதுவாக முதல் பிரிவில் 20 தொடர்களோ, மேல் இரு பிரிவுகளிலும் சேர்த்து 30 தொடர்களோ போரிட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு தொடர்கள் என்பதால், பின்னது முழுமையாக ஐந்தாண்டுகள். பதினைந்து வயதில் நடுநிலைப்பள்ளியை முடித்துவிட்டு வந்து, பத்தாண்டு கீழ்ப்பிரிவுகளிலேயே உழன்று திரும்பும் பெரும்பான்மையினருக்குக் கொகுகிகான் அரங்கும் இல்லை, பொன் கத்தரியும் இல்லை. தொடரின் இறுதிநாளன்று பயிற்சி மனை நடத்தும் விருந்தில் அவர்களின் குடுமி களையப்படுகிறது. இளையோரை மேய்க்கவும் தளவாடங்களைக் கவனிக்கவும் சங்கம் வைத்திருக்கும் சிறு பணியிடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அவர்களுக்கு மரபு தந்த உண்மையான கைத்தொழில் சமையல். பயிற்சி மனையில் கீழ்நிலை மல்லர்களே முறைவைத்துச் சமைக்கின்றனர்; மல்லர்கள் உண்ணும் உணவு பொதுவாக ‘சாங்கோ’ எனப்படும், குறிப்பாக இறைச்சியும் மீனும் காய்கறியும் சோயாக் கட்டியும் ஒரே பெரும்பானையில் கொதிக்கும் கூட்டு. களத்தில் கைகளை ஊன்றினால் தோல்வி என்பதால், நாலு காலில் நிற்கும் விலங்கைத் தவிர்த்து இரு காலில் நிற்கும் கோழியை விரும்புவது வழக்கமென்பர். உயர்நிலையை எட்டாமல் நீண்டகாலம் அடுப்படியில் நின்ற மல்லனே மிகத் தேர்ந்த சமையல்காரன் ஆகிறான். 1937இல் யோகோதேயாமா என்ற முன்னாள் மல்லர் ரியோகோகுவில் சாங்கோ உணவகம் தொடங்கினார். போருக்குப் பிறகு அப்பகுதியெங்கும் முன்னாள் மல்லர்களின் கடைகள் பெருகின. இங்கேயும் பல கடைகளுக்குப் போட்டிப் பெயரே பெயர்ப்பலகை. மூத்தோருக்குப் பொதுவாக மறுக்கப்படும் ஒன்று, அதாவது தம் போட்டிப் பெயரைச் சாகும்வரை வைத்துக்கொள்ளும் உரிமை, இந்தக் கடைக்காரர்களுக்குக் கிடைத்தது.

அடையாளத்தை அறுத்துவிட்டு முற்றிலும் புதிதாக ஒன்றைப் படைத்தவர் ரிகிதோசான். கொரியாவில் பிறந்து, நிஷோனோசெகி பயிற்சி மனையில் வளர்ந்து, மூன்றாம் நிலையான ‘செகிவாகே’ வரை உயர்ந்த இவர், 1950இல் ஓர் இரவு சமையல் கத்தியால் தம் குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு வெளியேறினார். கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்தார். பிறகு அமெரிக்க மல்லர்களிடம் தொழில்முறை மல்யுத்தம் பயின்றார். 1954இல் தொலைக்காட்சி புதிதாக வந்திருந்த நாட்டில், வெளிநாட்டு மல்லர்களான ஷார்ப் சகோதரர்களோடு அவர் மோதியதைத் தெருமுனைப் பெட்டிகளின் முன் மக்கள் நெரித்து நின்று பார்த்தனர். தோற்ற நாட்டின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட அவர், 1963இல் இறக்கும்வரை தம் கொரியப் பிறப்பைப் பொதுவெளியில் மறைத்தே வைத்திருந்தார் என்பது அப்புகழின் விலையைச் சொல்கிறது.

பிறப்பு என்ற இச்சிக்கல் பின்னர் விதியாகவே எழுதப்பட்டது. ஹவாய்த் தீவுகளிலிருந்து 1964இல் வந்த தகாமியாமா 1972இல் முதல் பிரிவின் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவரானார். 1976இல் சங்கம், ஜப்பானியக் குடியுரிமை உள்ளவரே மூத்தோராகலாம் என்று விதித்தது. தகாமியாமா 1980இல் குடியுரிமை பெற்றார், 1984இல் ஓய்ந்து அஜுமாசெகி என்ற பெயர் ஏற்றார். அவர் வளர்த்த அகேபோனோ 1993இல் முதல் வெளிநாட்டு யோகோசுனா ஆனார். மங்கோலியர்களான அசாஷோரியூவும் ஹருமாஃபுஜியும் தாய்நாட்டுக் குடியுரிமையை விடாமல் திரும்பிச்சென்றனர். ஹருமாஃபுஜி உலான்பாதரில் ஒரு பள்ளியையே நிறுவினார். 45 பட்டங்கள் வென்ற ஹகுஹோ 2019இல் குடியுரிமை மாற்றி, 2021இல் மூத்தோரானார். மாணவர் ஒருவரின் வன்முறை காரணமாக அவரது பயிற்சி மனை மூடப்பட, 2025இல் சங்கத்தை விட்டே விலகினார். நாட்டையே துறந்து பெற்ற பெயர் நான்காண்டுகூட நிலைக்கவில்லை.

உள்நாட்டவருக்கோ தடை விலையாக வந்தது. பெயர்கள் 105, வேண்டுவோர் அதிகம் என்ற நிலையில், 1990களில் ஒரு பெயர் பல கோடி யென்னுக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. யோகோசுனாவாயிருந்த வாஜிமா தம் மூத்தோர் பெயரையே கடனுக்கு ஈடாக வைத்து, அது வெளிப்பட்டதால் 1985இல் வெளியேற நேர்ந்தது. வாங்க இயலாதவர்கள், இன்னும் களத்திலுள்ள ஒருவர் வாங்கிவைத்த பெயரை இரவல் பெற்று, உரியவர் ஓய்வுபெறும்போது வேறொன்றுக்கு மாறினர். நாலைந்து பெயர்களில் வாழ்ந்து தீர்த்த மூத்தோரும் உண்டு. 2014இல் சங்கம் பொதுநல அமைப்பாக மாறியபோது பெயர்களின் உரிமை சங்கத்துக்கே சென்று, காசுக்குக் கைமாற்றுவது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில், 65 வயதானவரை 70 வரை மறுபணியில் அமர்த்தும் முறையும் வந்தது. அவர்கள் பெயரையும் உடன் வைத்துக்கொள்வதால் இளையோருக்கான இடம் மேலும் இறுகிற்று.

இப்பழைய சட்டகத்துக்குள்ளேயே புதிதாக ஒன்றைச் செய்ய இயலும் என்பதற்கு அண்மைச் சான்று கிசெனோசாதோ. 2019 ஜனவரியில் ஓய்ந்த இந்த யோகோசுனா, வசேதா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, பயிற்சி மனையை எப்படி நடத்துவது என்பதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு இபராக்கி மாநிலத்தில், தோக்கியோவின் நெருக்கடிக்கு வெளியே, ஒன்றுக்கு மேற்பட்ட களங்களோடு தம் மனையைக் கட்டினார். அவர் ஏற்ற பெயர், ரிகிதோசான் கத்தியெடுத்து வெளியேறிய மனையின் பெயரான நிஷோனோசெகி. அவருடைய மாணவர் ஒருவர் 2025 மே மாதம் 75ஆவது யோகோசுனாவாக உயர்ந்தார். அம்மாணவருக்கு அவர் சூட்டிய போட்டிப் பெயர் ஓனோசாதோ. அது 1932இல் தென்ரியூவோடு வெளியேறி, சங்கத்துக்குத் திரும்பாமலே 1938இல் மஞ்சூரியாவின் தாய்ரென் நகரில் இறந்த ஓர் ‘ஒசேகி’, அதாவது இரண்டாம் நிலை மல்லர், தாங்கியிருந்த பெயர்.